ஹிஸ்டமின் குறைந்த உணவில் ஒட்டரிசி: எதை எடுப்பது, எதைத் தள்ளுவது

ஹிஸ்டமின் என்பது சில உணவுகளில் சேரும், உடம்பிலும் இருக்கும் ஒரு வேதிப்பொருள்; அதைச் சரியாகச் சிதைக்க முடியாமல் முகச்சிவப்பு, அரிப்பு, தலைவலி போன்ற தொந்தரவு வருவதுதான் ஹிஸ்டமின் சகிப்பின்மை. அவர்களுக்கு ஸ்டிக்கி ரைஸ் எனப்படும் ஒட்டரிசி ஹிஸ்டமின் குறைந்த உணவா என்றால், ஆமாம். ஆனால் தட்டுக்கு வருகிற ஒட்டரிசி எல்லாமே அப்படி இல்லை. அரிசி ஊறிய நேரம், வெந்தபின் கிடந்த நேரம், அதன்மேல் ஊற்றிய சாஸ், இந்த மூன்றில்தான் விஷயம் கெடுகிறது. அதிலும் சாஸ்தான் பெரும்பாலும் குற்றவாளி. பழி மட்டும் அரிசிமேல் விழுகிறது.

சாதா வெள்ளை அரிசியா, ஒட்டரிசியா

உணவில் ஹிஸ்டமின் சேர இரண்டு வேண்டும். ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் ஒன்று, அதை ஹிஸ்டமினாக மாற்றும் என்சைம் உள்ள பாக்டீரியா இன்னொன்று. மீனிலும் இறைச்சியிலும் இரண்டுக்கும் பஞ்சமில்லை. அரிசியில் புரதமே 100 கிராமுக்கு ஏறக்குறைய 7 கிராம்தான். உலர்ந்த மணியில் பாக்டீரியா பெருக ஈரமும் கிடையாது. சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த ‘சிகி’ அமைப்பு உணவுகளை 0 முதல் 3 வரை தரம் பிரித்து ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. ஹிஸ்டமின் சகிப்பின்மை உள்ளவர்கள் பலர் அதைத்தான் பின்பற்றுகிறார்கள். அதில் அரிசிக்கு 0, அதாவது பிரச்சினை இல்லாத வரிசை.

ஒட்டரிசி ஒட்டுவதற்குக் காரணம் மாவுச்சத்து. சாதா அரிசியில் அமைலோஸ், அமைலோபெக்டின் என்ற இரண்டு வகை மாவுச்சத்தும் கலந்திருக்கும். ஒட்டரிசியில் அமைலோஸ் பெயரளவுக்குத்தான்; மற்றதெல்லாம் அமைலோபெக்டின். பாக்கெட்டில் ‘குளூட்டினஸ்’ என்று போட்டிருப்பதைப் பார்த்துக் கோதுமைப் புரதமான குளூட்டன் இருக்கிறது என்று பயப்பட வேண்டாம். பசைபோல ஒட்டும் என்பதுதான் அந்தச் சொல்லுக்குப் பொருள்.

ஆக, ஹிஸ்டமின் கணக்கில் இரண்டு அரிசியும் சமம். வித்தியாசம் வேறு இடத்தில். 100 கிராம் சாதா அரிசியைத் தண்ணீரில் வேகவைத்தால் 280 முதல் 300 கிராம் சோறு கிடைக்கும். அதே 100 கிராம் ஒட்டரிசியை ஊறவைத்து ஆவியில் அவித்தால் 160, 170 கிராம்தான் தேறும். ஒரே கிண்ணம் நிறைய எடுத்துக்கொண்டால் ஒட்டரிசியில் கிட்டத்தட்ட ஒன்றரை மடங்குக்கு மேல் அரிசி உள்ளே போகிறது. கூடவே அமைலோபெக்டின் சீக்கிரம் செரித்து ரத்தச் சர்க்கரையை வேகமாக ஏற்றும். சாப்பிட்டபின் வரும் வயிற்றுப் பொருமல், கண்ணைச் செருகும் தூக்கம், சிலருக்குப் படபடப்பு, இவையெல்லாம் ஹிஸ்டமின் தொந்தரவு மாதிரியே தெரியும். ஆனால் காரணம் அளவு.

ஜெர்மன் மொழி நாடுகளின் ஒவ்வாமை மருத்துவச் சங்கங்கள் தரும் வழிகாட்டுதல் ஹிஸ்டமின் குறைந்த உணவுமுறையை மூன்று கட்டமாகப் பிரிக்கிறது. முதல் 10 முதல் 14 நாள் கடுமையான தவிர்ப்பு, அடுத்து 6 வாரம் வரை ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்க்கும் சோதனை, பிறகு அவரவர் உடம்புக்கு ஏற்ற நீண்டகால உணவு. முதல் கட்டத்தில் சாதா வெள்ளை அரிசியே போதும். ஒட்டரிசியைத் தடுக்க ஹிஸ்டமின் காரணமில்லை; குழப்பம் தரும் அறிகுறிகள் அந்த 14 நாளில் வேண்டாம், அவ்வளவுதான். சோதனைக் கட்டத்தில் தாராளமாகக் கொண்டு வரலாம். நீரிழிவு உள்ளவர்கள் மட்டும் எந்தக் கட்டத்திலும் உணவியலாளரிடம் கேட்டுக்கொண்டு தொடங்குவது நல்லது.

வெள்ளையா, கறுப்பா

கறுப்பு ஒட்டரிசி தவிடு நீக்காதது. நார்ச்சத்து கூடுதல், சர்க்கரை ஏறும் வேகம் கொஞ்சம் குறைவு. ஆனால் தவிட்டில் எண்ணெய் இருப்பதால் பாக்கெட்டைப் பிரித்தபின் சிக்கு வாடை பிடிக்கும். காற்றுப் புகாத டப்பாவில் ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டும். ஊற 8 முதல் 12 மணி நேரம், வேக 40 முதல் 50 நிமிடம். தவிட்டின் நார் குடல் ஏற்கெனவே எரிச்சலில் இருப்பவர்களுக்கு வாயுவைக் கிளப்பும். முதலில் வெள்ளை. அது ஒத்துக்கொண்டபின் மூன்று பங்கு வெள்ளைக்கு ஒரு பங்கு கறுப்பு என்று கலந்து பார்க்கலாம். இரண்டையும் தனித்தனியாக ஊறவைக்க வேண்டும், இல்லாவிட்டால் வெள்ளை குழைந்துவிடும், கறுப்பு நடுவில் கடிக்கும்.

ஊறவைப்பதில் மூன்று வழி

பலரும் கோட்டைவிடுகிற இடம் இதுதான். ஒட்டரிசியை ஊறவைக்காமல் ஆவியில் அவிக்க முடியாது. ஆவியிலிருந்து மணி எடுத்துக்கொள்ளும் ஈரம் குறைவு; உள்வரைக்கும் ஈரம் முன்பே போயிருக்க வேண்டும். வழக்கமான அறிவுரை, இரவு முழுக்கச் சமையல் மேடையில் ஊறட்டும் என்பது. குளிர்ந்த அறையில் அது சரி. 30 டிகிரி வெயில் காலத்தில் எட்டு மணி நேரம் கழித்து மூடியைத் திறந்தால் தண்ணீர் மங்கலாக, ஓரத்தில் சின்னச் சின்னக் குமிழியோடு, லேசாகப் புளித்த வாடையோடு இருக்கும். லாக்டிக் அமில பாக்டீரியா வேலையைத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அவற்றில் எல்லா இனமும் ஹிஸ்டமின் உண்டாக்குவதில்லை. சில இனங்கள் உண்டாக்கும். ஊறும் அரிசியில் அது பெரிய அளவுக்குப் போகாதுதான். ஆனால் உண்டான ஹிஸ்டமின் வேகவைத்தாலும் அழியாது. புளித்த வாடை வந்த அரிசியைக் கழுவிப் பயன்படுத்துவதைவிடக் கொட்டிவிடுவதே சரி.

ஃப்ரிட்ஜில் ஊறவைப்பது இரண்டாவது வழி. மூன்று நான்கு முறை களைந்து, அரிசிக்கு மேல் 5 சென்டிமீட்டர் தண்ணீர் நிற்கும்படி ஊற்றி, மூடி, 8 முதல் 12 மணி நேரம் வைக்கலாம். வெப்பமான இடத்தில் நெடுநேரம் ஊறவைக்க இதைவிடப் பாதுகாப்பான முறை கிடையாது. முந்தின இரவே நினைவு வைத்துச் செய்ய வேண்டும் என்பதுதான் இதிலுள்ள சங்கடம்.

மூன்றாவது வெந்நீர் வழி. 55 முதல் 60 டிகிரி சூடான தண்ணீரை, அதாவது விரலை வைத்தால் உடனே இழுத்துக்கொள்ளத் தோன்றும் சூட்டில், களைந்த அரிசிமேல் ஊற்றி மூடிவைத்தால் ஒன்று முதல் ஒன்றரை மணி நேரத்தில் ஊறிவிடும். புளிக்க நேரமே இல்லை. ஹிஸ்டமின் பார்த்துச் சாப்பிடுகிறவர்களுக்கு மூன்றில் இதுவே முதல் தேர்வு. ஒரே எச்சரிக்கை: கொதிக்கும் தண்ணீரை ஊற்றக் கூடாது. மணியின் வெளிப்புறம் அப்போதே வெந்து பசையாகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்; பிறகு ஆவி உள்ளே நுழையாது.

ஊறியதா என்று கடிகாரத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. ஒரு மணியை எடுத்து இரண்டு நகங்களுக்கு நடுவே அழுத்துங்கள். சுண்ணாம்புக்கட்டி மாதிரி பொடிந்தால் ஊறிவிட்டது. நடுவில் கறுக்கென்று தடுத்தால் இன்னும் அரை மணி நேரம்.

ஆவியா, ரைஸ் குக்கரா

ஹிஸ்டமினைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்றே. பதத்துக்கு ஆவி, வசதிக்குக் குக்கர்.

ஆவியில் அவிக்கும்போது ஊறிய அரிசியைப் பத்து நிமிடம் வடியவிட்டு, ஈரத்துணி விரித்த தட்டில் 4 சென்டிமீட்டருக்கு மிகாத கனத்தில் பரப்ப வேண்டும். தண்ணீர் நன்றாகக் கொதித்தபிறகே தட்டை ஏற்ற வேண்டும். 12 முதல் 15 நிமிடத்தில் துணியோடு தூக்கி அடையை அப்படியே கவிழ்த்துப் போட்டு, மேலும் 10 நிமிடம். மூடியின் உள்பக்கம் ஒரு துணி கட்டாவிட்டால் சொட்டும் நீர் நடுவில் விழுந்து அந்த இடம் மட்டும் கூழாகும். இறக்கியதும் அகலமான தட்டில் கொட்டி இரண்டு மூன்று நிமிடம் கிளறி ஆவியைப் போகவிட்டால் மணி மணியாக, ஆனால் ஒட்டிக்கொண்டு நிற்கும். ஓரம் வெந்து நடு வேகாமல் போனால் ஊறல் போதவில்லை. அடி மட்டும் குழைந்தால் கொதிநீர் தட்டைத் தொட்டிருக்கிறது.

குக்கரில் சாதா அரிசிக்கு ஊற்றும் அளவு தண்ணீரை ஊற்றினால் களிதான் கிடைக்கும். 200 கிராம் அரிசியை ஊறவைத்து வடித்தபின் 130 முதல் 150 மில்லி தண்ணீர் போதும். ஊறவைக்காமல் நேரே போடுவதானால் 200 மில்லி. முடிந்தபின் மூடியைத் திறக்காமல் 15 நிமிடம் விட வேண்டும். ஊறவைக்காமல் போட்டால் புளிப்புக்கே இடமில்லை என்பது குக்கரின் ஒரு சாதகம். கொஞ்சம் குழைவாக இருக்கும். கையால் உருட்டிச் சாப்பிடப் பழகியவர்களுக்குப் பிடிக்காது, கரண்டியால் சாப்பிடுகிறவர்களுக்குப் பெரிதாகத் தெரியாது.

மீந்துபோனால்

லாவோசிலும் வடகிழக்குத் தாய்லாந்திலும் காலையில் ஒருமுறை அவித்து, மூங்கில் கூடையில் மூடி, பகல் முழுக்க எடுத்துச் சாப்பிடுவது வழக்கம். கூடை ஈரத்தை உறிஞ்சி வெளியே விடுவதால் அரிசி வியர்க்காமல் மென்மையாக இருக்கும். ஒட்டரிசிக்கு அதைவிட நல்ல பாத்திரம் இல்லை. ஆனால் ஹிஸ்டமின் உணவுமுறையில் இருப்பவர் கூடையைப் பரிமாறும் நேரத்துக்கு மட்டும் பயன்படுத்துவது நல்லது. வெந்த அரிசி 60 டிகிரிக்குக் கீழே இறங்கி ஃப்ரிட்ஜ் குளிர்ச்சிக்கு மேலே நிற்கிற நேரமெல்லாம் பாக்டீரியாவின் நேரம்.

இங்கே ஒன்றைப் பிரித்துச் சொல்ல வேண்டும். வெறும் அரிசி மீந்துகிடந்தால் முதல் ஆபத்து ஹிஸ்டமின் அல்ல, பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியா. அதன் வித்துகள் வேக்காட்டில் சாகாது. சோறு ஆறியதும் முளைத்து, வாந்தி உண்டாக்கும் நஞ்சைச் சுரக்கும். மறுபடி சூடாக்கினாலும் அந்த நஞ்சு போகாது. ‘மீந்த சோறு எனக்கு ஹிஸ்டமின் ஏற்றுகிறது’ என்பவர்களில் சிலருக்கு உண்மையில் நடப்பது இதுவாக இருக்கலாம். இறைச்சியோ மீனோ உள்ளே வைத்து இலையில் கட்டி அவித்த ஒட்டரிசி என்றால் கதை வேறு. அங்கே ஹிஸ்டிடினும் இருக்கிறது, ஈரமும் இருக்கிறது. அது மேசையில் கிடந்தால் இரண்டு ஆபத்தும் சேர்ந்தே வரும்.

குக்கரின் ‘வார்ம்’ நிலை 60 டிகிரிக்கு மேல் வைத்திருக்கும்வரை பாக்டீரியா பெருகாது. இரண்டு மூன்று மணி நேரத்துக்கு அது சரி. அதற்குமேல் ஓரம் காய்ந்து தோல்போல ஆகிவிடும்.

ஃப்ரிட்ஜ் இந்த அரிசிக்குப் பகை. 4 டிகிரி குளிரில் மாவுச்சத்து மறுபடி இறுகி, மறுநாள் ரப்பர் துண்டு மாதிரி கிடக்கும். பாதுகாப்பும் குறுகிய காலத்துக்குத்தான். ஒரு மணி நேரத்துக்குள் ஆறவைத்து உள்ளே வைத்து, ஒரு நாளுக்குள் முடித்துவிட வேண்டும் என்பது பிரிட்டன் உணவுப் பாதுகாப்புத் துறை அரிசிக்குச் சொல்லும் விதி.

ஃப்ரீசர்தான் வெல்கிறது. உண்டான ஹிஸ்டமினை உறைநிலை அழிக்காது, ஆனால் புதிதாக உண்டாவதை நிறுத்திவைக்கும். அதனால் எவ்வளவு சீக்கிரம் உறைகிறதோ அவ்வளவு நல்லது. வெந்த உடனே 100 கிராம் துண்டுகளாகப் பிரித்து, 2 சென்டிமீட்டர் கனத்தில் தட்டையாக அழுத்தி, ஆவி அடங்கியதும், அதாவது இறக்கி 20 முதல் 30 நிமிடத்துக்குள், உறையில் போட்டு உள்ளே வைத்துவிடுங்கள். உருண்டையாகப் பிடித்து வைத்தால் நடுப்பகுதி நெடுநேரம் வெதுவெதுப்பாகவே இருக்கும். ஒரு மாதம்வரை பதம் மாறாது. எடுக்கும்போது வெளியில் வைத்து உருகவிடாமல் அப்படியே ஆவியில் 10 முதல் 12 நிமிடம், அல்லது ஒரு தேக்கரண்டி தண்ணீர் தெளித்து மூடி மைக்ரோவேவில் ஒன்றரை முதல் இரண்டு நிமிடம். அவித்த அன்றைய மென்மை திரும்பிவிடும்.

மாவு, மோச்சி, தயார் பாக்கெட்

ஒட்டரிசியில் செய்யும் ஜப்பானியப் பலகாரமான மோச்சியை வீட்டில் செய்ய ஒட்டரிசி மாவு 100 கிராமுக்குத் தண்ணீர் 150 மில்லி, தேவையான சர்க்கரை. கட்டியில்லாமல் கரைத்து, ஆவியில் 15 முதல் 20 நிமிடம். வெள்ளை நிறம் மாறிக் கண்ணாடிபோலத் தெரிந்தால் வெந்துவிட்டது. சோளமாவு தூவி வெட்டலாம். உலர் மாவில் ஹிஸ்டமின் பயம் இல்லை. ஊறவைத்து ஈரமாக அரைத்த மாவை மட்டும் அன்றே முடித்துவிட வேண்டும். சிறு துண்டுகளாக மென்று சாப்பிட வேண்டிய பொருள் இது. முதியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் தொண்டையில் அடைத்துக்கொள்ளும் ஆபத்து உண்மையானது.

கடை மோச்சியில் கவனிக்க வேண்டியது பூரணம். சாக்லேட், ஸ்ட்ராபெர்ரி, மாச்சா எனும் பச்சைத் தேயிலைப் பொடி மூன்றுமே ஹிஸ்டமின் பட்டியல்களில் சந்தேகத்துக்குரிய வரிசையில் வருபவை. பூரணம் இல்லாமல் தனித்தனியாக உறையிட்டு வரும் ஜப்பானிய உலர் மோச்சித் துண்டுகளில் பெரும்பாலும் ஒட்டரிசியைத் தவிர எதுவும் இருக்காது; அவசரத்துக்கு அவை நல்லவை. மைக்ரோவேவில் சூடாக்கும் தயார் சோற்றுப் பாக்கெட்டுகளில் சிலவற்றில் கெடாமல் இருக்க அமிலச் சீராக்கி சேர்ப்பார்கள். பின்பக்கத்தில் ‘அரிசி, தண்ணீர்’ என்று மட்டும் இருப்பதை எடுங்கள்.

புளித்தவை

இதில் ஒப்பிட எதுவும் இல்லை. ஒட்டரிசியில் ஈஸ்ட் உருண்டை தூவி இரண்டு மூன்று நாள் புளிக்கவைக்கும் இந்தோனேசியத் தாப்பே, தாய்லாந்தின் காவ் மாக், கொரியாவின் அரிசி மதுவான மக்கோலி, சீன அரிசி ஒயின், சமையலுக்கு ஊற்றும் இனிப்பு அரிசி மதுவான மிரின், எல்லாமே தள்ள வேண்டியவை. புளிப்பில் உண்டாகும் ஹிஸ்டமின் போன்ற அமின்கள் ஒருபக்கம். குடலில் ஹிஸ்டமினைச் சிதைக்கும் டயமின் ஆக்சிடேஸ் என்சைமின் வேலையை ஆல்கஹால் கெடுப்பது மறுபக்கம். ஜப்பானின் இனிப்பு அரிசிப் பானமான, ஆல்கஹால் இல்லாத அமாசாகேயும் கோஜிப் பூஞ்சை கொண்டு செய்வதால் சோதனைக் கட்டத்தின் கடைசிக்குத் தள்ளுங்கள்.

தொட்டுக்கொள்ள

மீன் சாஸ், சோயா சாஸ், சிப்பி சாஸ், உலர் இறால், புளிக்கவைத்த பன்றி இறைச்சி. ஒட்டரிசி பழகிய ஊர்களில் அதற்குத் துணை பெரும்பாலும் இவைதான். ஹிஸ்டமின் பட்டியலில் மேலே நிற்பவையும் இவைதான். சோயா சாஸுக்குப் பதிலாகக் ‘கோகனட் அமினோஸ்’ ஊற்றினால் தப்பித்துவிடலாம் என்று ஒரு நம்பிக்கை பரவியிருக்கிறது. அதுவும் தென்னை நீராவைப் புளிக்கவைத்துச் செய்வதுதான். சோயா இல்லை என்பதால் ஹிஸ்டமின் இல்லை என்று ஆகாது. உப்பு, பூண்டு, இஞ்சி, கொத்தமல்லி, துளசி வகை இலைகள், நல்ல எண்ணெய், இவற்றால் முக்கால்வாசிக் குறை தீரும். மீதிக் கால்வாசி தீராது. அந்த ஆழமான சுவை புளிப்பிலிருந்து வருவது, அதற்கு நேரான மாற்று கிடையாது.

அன்றே வாங்கிச் சமைத்த கோழி பொருந்தும். தக்காளி, கத்தரி, கீரை வகைகளில் பசலை ஆகியவற்றில் இயல்பாகவே ஹிஸ்டமின் உண்டு. எலுமிச்சை, அன்னாசி போன்றவை உடம்பின் செல்களுக்குள் அடங்கியிருக்கும் ஹிஸ்டமினை வெளியே விடத் தூண்டித் தொந்தரவு தரும் என்று பட்டியல்கள் சொல்கின்றன. அதற்கான ஆதாரம் பலவீனமானது. அதனால் அவற்றை ஆயுளுக்கும் ஒதுக்காமல் சோதித்துப் பார்ப்பதே நியாயம்.

இனிப்பில் மாம்பழத்தோடு தேங்காய்ப்பால் ஒட்டரிசி நல்ல தேர்வு. 200 கிராம் அரிசியை அவித்து, 150 மில்லி தேங்காய்ப்பாலில் 50 கிராம் சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்துக் கொதிக்கவிடாமல் சூடாக்கி, அரிசி சூடாக இருக்கும்போதே கலந்து மூடி 20 நிமிடம் விட்டால் பால் முழுக்க உள்ளே இழுத்துக்கொள்ளும். ஆறிய அரிசியில் ஊற்றினால் இழுக்காது, அடியில் தங்கிவிடும். மாம்பழம் பழுத்திருக்கலாம், கனிந்து அமுங்கக் கூடாது. பால் கலந்தது வெறும் அரிசியைவிடச் சீக்கிரம் கெடும். மீதம் வைக்காத அளவுக்கே கலக்குங்கள். டின் தேங்காய்ப்பால் பலவற்றில் கெட்டிப்படுத்தும் பசைகள் இருக்கும். முதல் சோதனைக்கு அப்போது பிழிந்த பால் நல்லது.

சோதனை வைக்கும் வரிசை

முதல் நாள் வேகவைக்கும் முன் 50 கிராம் எடையுள்ள வெள்ளை ஒட்டரிசி, வெந்நீரில் ஊறவைத்து அவித்தது, உப்பு மட்டும் சேர்த்து. அன்று வேறு புது உணவு எதுவும் கூடாது. சாப்பிட்ட நேரத்தையும், அடுத்த சில மணி நேரத்தில் முகச்சிவப்பு, அரிப்பு, மூக்கடைப்பு, தலைவலி, வயிற்றுப்போக்கு வந்தால் அந்த நேரத்தையும் எழுதிவையுங்கள். ஒன்றுமில்லை என்றால் இரண்டு நாள் கழித்து 80 கிராம். அதன்பிறகு உறையவைத்த துண்டு, அதற்குப் பிறகு தேங்காய்ப்பால், கடைசியில் கறுப்பரிசி. முதல் நாளே தொந்தரவு வந்தால் ஒரு வாரம் விட்டு அதே 50 கிராமை மறுபடி சாப்பிட்டுப் பாருங்கள். ஹிஸ்டமின் ஒரு குடம் மாதிரி நிறைவது. முந்தின நாள் சாப்பிட்ட சீஸுக்கான விலையை இன்றைய அரிசி கொடுத்துக்கொண்டிருக்கலாம். இரண்டாம் முறையும் வந்தால் அந்தக் குறிப்பேட்டை மருத்துவரிடம் எடுத்துப் போக வேண்டும். புதிதாக அவித்த வெறும் அரிசிக்கே உடம்பு எதிர்ப்புக் காட்டினால் காரணத்தை ஹிஸ்டமினுக்கு வெளியே தேட வேண்டியிருக்கும்; அரிசிக்கே ஒவ்வாமை இருப்பதும் அரிதாக உண்டு.